வயது ஏறினால் கொலஸ்ட்ராலும் ஏறுமா? கணக்குப் போட்டுப் பார்த்த கதை

அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 200-ஐத் தாண்டியிருந்தது. "வயசாச்சுல்ல, ஏறத்தான் செய்யும்" என்றார்கள் எல்லோரும். சரி, எவ்வளவு ஏறும், எந்த வயதுவரை ஏறும், எல்லோருக்கும் ஒரே மாதிரியா என்று கேட்டால் பதில் இல்லை. புள்ளியியல் படிப்பில் செயல்திட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த நேரம். இதையே எடுத்துக்கொண்டேன்.

தரவுக்கு நான் போனது அமெரிக்க அரசின் என்ஹேன்ஸ் (NHANES) உடல்நலக் கணக்கெடுப்புக்கு. ஆயிரக்கணக்கானோரின் உடல்நல விவரங்கள், பெயர் இல்லாமல், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. வயது ஒரு கோப்பில், கொலஸ்ட்ரால் இன்னொன்றில், மாத்திரை பற்றிய கேள்விகள் வேறொன்றில். ஆளுக்கொரு வரிசை எண் உண்டு; அதை வைத்து மூன்றையும் சேர்த்தேன். 20 வயது நிரம்பியவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு அளவுகள் எந்த அளவுக்கு நேர்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்; சைபர் என்றால் அப்படித் தொடர்பு இல்லை. சைபருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆனால் பி மதிப்போ (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இந்த அளவோ அதற்கு மேலோ கெழு வர எவ்வளவு வாய்ப்பு என்பது) மிகமிகச் சிறியது. "தொடர்பு உறுதி" என்று எழுதிவிடத் தோன்றியது. இத்தனை ஆயிரம் பேர் இருந்தால் துளியளவு தொடர்புகூட அப்படித்தான் தெரியும் என்பது பாடத்தில் படித்ததுதான்; சொந்தத் தரவில் பார்க்கும்போதுதான் உறைத்தது.

அப்புறம்தான் ஆளுக்கொரு புள்ளி வைத்துச் சிதறல் படம் வரைந்தேன். முதலிலேயே வரைந்திருக்க வேண்டும். வலது ஓரத்தில், சரியாக 80 வயதில், புள்ளிகள் சுவர் எழுப்பியதுபோல் செங்குத்தாக நின்றன. என் நிரலில்தான் பிழை என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கடைசியில் விவரக் குறிப்பைப் படித்தால், 80-ம் அதற்கு மேலும் எந்த வயதாக இருந்தாலும் 80 என்றே பதிவு செய்கிறார்களாம், ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக. அதே குறிப்பில்தான் முதியவர்களை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்ப்பதும் தெரிந்தது. அதனால் ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எடைகளைப் போட்டே சராசரி எடுக்க வேண்டும். அதுவரை போட்ட கணக்கையெல்லாம் திரும்பப் போட்டேன்.

பத்துப் பத்து வயதாகப் பிரித்துச் சராசரி பார்த்தபோது படம் மாறியது. இளவயதிலிருந்து ஏறி, நடுவயதில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. மேடு போன்ற வடிவத்துக்குள் நேர்கோட்டைச் செருகினால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கெழு சைபரை ஒட்டி நின்றது அதனால்தான்.

ஆண், பெண் என்று பிரித்ததும் இன்னும் தெளிவு. ஆண்களின் உச்சம் முன்னாலேயே வந்துவிடுகிறது. பெண்களுக்கு ஐம்பதுகளில் ஏறி ஆண்களைத் தாண்டுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை எடுக்கும் கல்லீரலின் வேகமும் குறைகிறது. "வயசாச்சுல்ல" என்ற ஒரே சொல்லில் அம்மாவின் உடலில் நடந்த அத்தனையும் மறைந்துபோயிருந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது அந்த இறக்கம்தான். முதியவர்களில் நிறையப் பேர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள். அவர்களை நீக்கிவிட்டுப் பார்க்கலாம் என்றால், மாத்திரை எழுதித் தரப்பட்டதே அளவு கூடியிருந்தவர்களுக்கு. அவர்களை நீக்கினால் மிச்சமிருப்பவர்கள் ஏற்கெனவே குறைவாக இருந்தவர்கள். சேர்த்தாலும் கோணல், விட்டாலும் கோணல். இரண்டு விதமாகவும் போட்டு இரண்டையும் அறிக்கையில் வைத்தேன். ஒன்றை மட்டும் காட்டுவது நேர்மை என்று எனக்குப் படவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், என் படத்தில் யாருக்குமே வயது ஏறவில்லை. 30 வயதுக்காரர் ஒருவர், 70 வயதுக்காரர் வேறொருவர். ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் ஏற்றத்தை ஏற்றம் என்று சொல்ல முடியும். அப்படி ஒரே ஆட்களைப் பின்தொடரும், 1948-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அறிக்கையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பழைய பரிசோதனைத் தாள்களைத் தேடினேன். ஐந்து கிடைத்தன. தேதி போட்டு ஒரு தாளில் ஐந்து புள்ளிகள் வைத்தேன். முதல் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், மாதவிடாய் நின்றபின் எடுத்த இரண்டும் மேலே. ஐந்து புள்ளிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது அம்மா அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்.