கொண்டாட்டம் வேறு, சீண்டல் வேறு

தூத்தூர் தொடங்கி நீரோடி வரையிலான எங்கள் கடற்கரை ஊர்களில், உலகக்கோப்பைக் கால்பந்து நேரத்தில் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் பிளெக்ஸ் வைப்பதும், தோற்ற அணியின் ரசிகர் டீக்கடையில் தலைகாட்டியதும் கிண்டல் தொடங்குவதும் வழக்கம்தான். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. களத்துக்குள் வீரர்களே அதைச் செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

2022 டிசம்பர் 18 அன்று பிரான்சுக்கு எதிரான உலகக்கோப்பை இறுதிப்போட்டி 3-3 எனச் சமனாகி, பெனால்டிக்குச் சென்றபோது, உதைக்க வந்த பிரான்ஸ் வீரர் சுவாமெனியிடம் பந்தைக் கொடுக்காமல் அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்டினெஸ் வேறு பக்கம் எறிந்தார். அதை எடுத்துவந்து உதைத்த சுவாமெனி வெளியே அடித்தார். உதைப்பவரின் கவனத்தைக் கோல்கீப்பர் முறையற்று சிதறடிக்கக் கூடாது என்ற வாசகம் 2023 ஜூலையில் விதிகளில் இடம்பெற்றது.

கோலடித்த மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றினால், அந்த கோல் செல்லாமல் போனாலும் எச்சரிக்கையான மஞ்சள் அட்டை உறுதி. எதிரணியைக் கேலி செய்யும் சைகைக்கும் அதே தண்டனை உண்டென்றாலும், எது கேலி என்பது நடுவரின் பார்வையைப் பொறுத்தது என்பதால், அது பல நேரம் தப்பிவிடுகிறது. (இந்த விசித்திரம் எனக்கு இன்றும் பிடிபடவில்லை.)

2012இல் இத்தாலிய கிளப்பான நாபோலிக்கு எதிராக, இன்னொரு இத்தாலிய கிளப்பான லாசியோவின் வீரர் க்ளோசே, பந்து தன் கையில் பட்டே கோலானது என்று நடுவரிடம் தானே சொல்ல, கோல் ரத்தானது. எதிரணியினர் அவரைப் பாராட்டினர், லாசியோ 0-3 எனத் தோற்றது. அதே க்ளோசே, கோலடித்தால் மைதானத்தில் குட்டிக்கரணம் போட்டுவந்தவர். அந்தக் குட்டிக்கரணத்தை நான் ரசித்தே பார்த்திருக்கிறேன்.