பத்துக்கு நான்கு

கேள்வி, 1960-களில் அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் ‘மாபெரும் சமுதாய’த் திட்டங்களை, அதாவது வறுமை ஒழிப்பு, மருத்துவம் போன்ற சீர்திருத்தங்களைப் பற்றியது. பத்து மதிப்பெண். அந்த மாணவியின் விடையில் பாதிக்கு மேல் வியட்நாம். நான்கு போட்டேன்.

தாளைக் கொடுத்த அன்றே வந்து நின்றாள்.

“கேட்டதுக்குப் பதில் எழுதணும்மா. வியட்நாம் அடுத்த யூனிட்டு.”

“யூனிட்டெல்லாம் நமக்குத்தானே சார்? அவருக்கு எல்லாம் ஒரே வாரத்துலதானே நடந்துச்சு?”

விடைக்குறிப்பைக் காட்டி அனுப்பிவிட்டேன். அதில் தவறு இருப்பதாக இன்றும் நினைக்கவில்லை. சம்பந்தமில்லாததை எழுதியவர்கள் அந்த விடைத்தாள் கட்டில் வேறு பலரும் இருந்தார்கள். இவளுக்குத் திருத்தினால் அவர்களுக்கும் திருத்த வேண்டும். ஆனால் இவள் எழுதியது சம்பந்தமில்லாததுதானா என்று கேட்டால், அங்கேதான் தடுமாறுகிறேன்.

இரண்டு தேதிகளை அவள் அடுத்தடுத்து எழுதியிருந்தாள். 1965 ஜூலை 28: வியட்நாமில் படை 75,000-இலிருந்து 1,25,000 ஆகும், கட்டாய ராணுவச் சேர்ப்பு மாதம் 17,000-இலிருந்து 35,000 ஆகும் என்று ஜான்சன் அறிவிக்கிறார். ஜூலை 30: மிசௌரியில் முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். கீழே ஒரு வரி: “போரின் கணக்கை மறைத்துத்தான் சீர்திருத்தத்தை நிறைவேற்றினார்.” அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து “ஆதாரம்?” என்று எழுதியிருந்தேன்.

அப்புறம் நானே ஆதாரம் தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது எனக்குச் சாதகமானது. மெடிகேர் மசோதா ஜூலை 27-இல் பிரதிநிதிகள் சபையையும் 28-இல் செனட்டையும் தாண்டிவிட்டது. வெறும் கையெழுத்துதான் பாக்கி. அதை நிறைவேற்ற எதையும் மறைக்க வேண்டிய தேவை அந்த நேரத்தில் இல்லை. சரி, நான்கு நியாயம்தான் என்று தோன்றியது.

ஆனால் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆகஸ்ட் 6-இல்தான் கையெழுத்தானது. ரிசர்வ் படைகளை அழைக்கலாம் என்று பாதுகாப்புச் செயலர் மக்னமாரா சொல்லியும் ஜான்சன் அழைக்கவில்லை. போருக்காக வரி உயர்த்தச் சொல்லியும் காங்கிரஸிடம் போகவில்லை. போய்க் கேட்டிருந்தால் போருக்குச் செலவு எவ்வளவு, எத்தனை நாள் என்ற பேச்சு வந்திருக்கும், சீர்திருத்தங்களும் அதில் மாட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் பத்து சதவீதக் கூடுதல் வரி 1968-இல்தான் வந்தது. அதற்கு விலையாக 600 கோடி டாலர் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று, பிரதிநிதிகள் சபையில் வரி விவகாரங்களைக் கவனிக்கும் குழுவின் தலைவர் வில்பர் மில்ஸ் பிடிவாதமாக நின்று சாதித்தார். ஆகவே ‘மறைத்து’ என்பது அவ்வளவு அபாண்டம் இல்லை.

அதைவிட உறுத்துவது ஜூலை 28 பேச்சேதான். படை எண்ணிக்கையைச் சொன்ன அதே மேடையில், தன் இளமைக்கால வறுமையைப் பற்றியும், இத்தனை பேரின் கனவுகள் போரில் மூழ்கிப்போவதைப் பார்க்க விரும்பவில்லை என்பதைப் பற்றியும் ஜான்சன் பேசுகிறார். அவரே இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறார். அரசியலுக்கு வருமுன் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு டெக்சஸின் கொட்டுல்லா என்ற சிற்றூரில் பாடம் எடுத்த வாத்தியார் அவர். அந்தக் கரிசனம் நடிப்பு என்று நான் நம்பவில்லை. நம்பாததால்தான் வகுப்பில் அவரைக் கொஞ்சம் மென்மையாக நடத்துகிறேனோ என்னவோ.

துணை அதிபர் ஹம்ஃப்ரி அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். தேர்தலில் பெரிய வெற்றி பெற்றிருக்கிறோம், அரசியல் நஷ்டமில்லாமல் போரிலிருந்து விலக இதுவே நல்ல ஆண்டு என்பது அதன் சாரம். பலன், போர் ஆலோசனைக் கூட்டங்களிலிருந்து அவரை ஒதுக்கி வைத்தார்கள். இதைப் படித்தபோது அந்தப் பெண் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது. நான் ஒன்றும் ஜான்சன் இல்லை, அவளுக்குப் போனது சில இன்டர்னல் மதிப்பெண்கள்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த வருடம் வினாத்தாள் என் பொறுப்பு. சீர்திருத்தத்தையும் போரையும் சேர்த்து ஒரே கேள்வியாக எழுதினேன். “இது எந்த யூனிட்ல சார் வருது?” என்று துறைத்தலைவர் கேட்டார். பழைய கேள்வியையே போட்டுக் கொடுத்துவிட்டேன்.