பாசிட்ரான் பீம்ல சூப்பர்கண்டக்டர் டிஃபெக்ட் படிக்கப் போறீங்களா? முதல்ல ஆழத்த பாருங்க

பிஎச்டிக்கு பாசிட்ரான் (எலக்ட்ரானோட பாசிட்டிவ் சார்ஜ் ஜோடி) பக்கம் வரலாம்னு இருக்கிற எம்எஸ்சி பிசிக்ஸ் தம்பி தங்கச்சிங்க எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறாங்க. நான் சொல்றது ஒண்ணுதான், உங்க கேள்வி சாம்பிள்ல எந்த ஆழத்துல இருக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஸ்பெக்ட்ரம் எல்லாம் அப்புறம்.

நான் படிச்சது நியோபியம். ஹாம்பர்க் யூரோப்பியன் எக்ஸ்எஃப்இஎல்ங்கிற எக்ஸ்ரே லேசர்ல 2 கெல்வின்ல ஓடுற, எலக்ட்ரான வேகப்படுத்துற 1.3 கிகாஹெர்ட்ஸ் கேவிட்டி எல்லாம் இந்த மெட்டல்தான். காந்தப்புலம் சுமார் 100 மில்லிடெஸ்லா தாண்டுனா லாஸ் சரசரன்னு ஏறும், ஆனா வேக்யூம்ல 120 டிகிரி செல்சியஸ்ல 48 மணி நேரம் சுட வச்சா அது பெருமளவு சரியாயிடும், வேகன்சியும் (அணு இல்லாத காலி இடம்) ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கிறதுக்கு இதுல பங்கு இருக்குன்னு சொல்றாங்க, பாசிட்ரான் வேகன்சில மாட்டிக்கிறதால அது உள்ள வருது. அந்த காந்தப்புலம் உள்ள போறதே 40 நானோமீட்டர் அளவுக்குத்தான். சோடியம்-22ல இருந்து நேரா வர்ற பாசிட்ரான் பல மைக்ரோமீட்டர் தாண்டிப் போயிடும், நம்ம லேயர பாக்கவே பாக்காது. அதனாலதான் டங்ஸ்டன் மாடரேட்டர்ல வேகத்த குறைச்சு, வேணுங்கிற எனர்ஜி குடுத்து அனுப்புற ஸ்லோ பீம்.

கணக்கு சுலபம். 40ஐ அடர்த்தியால (கிராம்/கன சென்டிமீட்டர்ல) வகுங்க, எனர்ஜிய (கிலோ எலக்ட்ரான்வோல்ட்ல) 1.6 அடுக்குக்கு ஏத்தி பெருக்குங்க, சராசரி ஆழம் நானோமீட்டர்ல வந்துடும். நியோபியம் அடர்த்தி 8.57, 40 நானோமீட்டருக்கு கிட்டத்தட்ட 4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரும், 10 வச்சா 185 பக்கம் போயிடும். ஆனா இது சராசரி மட்டும்தான், பாசிட்ரான் எல்லாம் ஒரே இடத்துல நிக்காது, ஆழத்துல நல்லா பரவியிருக்கும், அதுபோக நின்ன இடத்துல இருந்து டிஃப்யூஸ் ஆகி சர்ஃபேஸுக்கே திரும்பி வர்றதும் நிறைய உண்டு, அதனால 4ல எடுத்த ஒரே ஒரு புள்ளிய வச்சு முடிவு சொல்லாதீங்க, எனர்ஜிய கீழருந்து மேல வரைக்கும் மாத்தி எடுத்து முழுசா ஃபிட் பண்ணுங்க. டிஃபெக்ட் அதிகமான இடத்துல டிஃப்யூஷன் நீளம் குறைஞ்சிருக்கும், எனக்கு எஸ் பாராமீட்டர விட இந்த நம்பர் மேலதான் நம்பிக்கை ஜாஸ்தி.

எஸ்ங்கிறது, பாசிட்ரான் எலக்ட்ரானோட சேர்ந்து அழியும்போது வர்ற காமா கதிரோட 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பீக்குல நடுப்பகுதி பங்கு, டாப்ளர் அளவீடுங்கிறது இதுதான். டிடெக்டர் மாறுனா, விண்டோ மாறுனா நம்பரும் மாறும், அதனால வேற லேப் பேப்பர்ல இருக்கிற எஸ்ஸோட உங்களோடத நேரா ஒப்பிடாதீங்க, அதே ஷீட்ல வெட்டி நல்லா அனீல் பண்ண (சூடாக்கி டிஃபெக்ட்ட குறைச்ச) ஒரு ரெஃபரன்ஸ் துண்டு கூடவே வச்சுக்கோங்க. வாய்ப்பு இருந்தா லைஃப்டைமும் (பாசிட்ரான் அழியறதுக்கு ஆகுற நேரம்) எடுங்க. டிஃபெக்ட் இல்லாத நியோபியத்துல 120-130 பிகோசெகண்ட், காலி வேகன்சின்னா 200க்கு மேல, ஹைட்ரஜன் உள்ள உக்காந்தா அந்த மதிப்பு கீழ இறங்கும், இத டாப்ளர் மட்டும் வச்சு பிரிக்கிறது ரொம்ப கஷ்டம்.

கப்ரேட் (காப்பர் ஆக்சைடு சூப்பர்கண்டக்டர்) எடுக்கிறவங்களுக்கு கதை வேற. அதுல ஒண்ணான ஒய்பிசிஓல (யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு) பாசிட்ரான் பெரும்பாலும் காப்பர்-ஆக்சிஜன் செயின் பக்கம்தான் இருக்கும், ஆக்சிஜன் குறைபாடு நல்லா தெரியும். ம்யூனிக் பக்கத்துல கார்ஹிங் ரியாக்டர் பீம்ல ஃபிலிம ஸ்கேன் பண்ணி அத மேப்பாவே போட்டிருக்காங்க. நம்ம கல்பாக்கத்துலயும் சூப்பர்கண்டக்டர்ல பாசிட்ரான் வேலை ரொம்ப காலமா நடக்குது, அங்க இருந்து வந்த பேப்பர்கள தேடிப் படிங்க.

வைவால "இது வேகன்சியா, டிஸ்லொகேஷனா (அணு வரிசை பிசகுனதா)?"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. சாம்பிள உருட்டுனது, ஆசிட்ல கரைச்சது, சுட்ட டெம்பரேச்சர் எல்லாம் முதல் நாள்ல இருந்தே நோட்ல தேதியோட எழுதி வச்சிருந்தாதான் அதுக்கு பதில் சொல்ல முடியும்.