டோங் லோக்கில் விட்டு வந்த சீப்பு

வியட்நாம் போகிறேன் என்றதும் ஹாலோங் விரிகுடா, ஹோய் ஆன் என்று ஆளாளுக்குப் பட்டியல் கொடுத்தார்கள். டோங் லோக் பெயரை யாரும் சொல்லவில்லை. ஹனோயில் இருந்து இரவு ரயிலில் வின் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து வாடகை பைக்கின் பின்சீட்டில் தெற்கே கிளம்பினேன். ஹெல்மெட் எனக்குப் பெரிது, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கண்ணை மறைத்தது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களுக்கு நடுவே பேசியது கைபேசிச் செயலிதான். அதுவும் பாதி நேரம் உளறல்.

ஹா தின் மாகாணத்தில் உள்ள டோங் லோக் ஒரு முச்சந்தி, அவ்வளவுதான். 1968 மார்ச் 31 அன்று, வட வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாக அமெரிக்க அதிபர் ஜான்சன் அறிவித்தார். அப்புறம் விமானங்கள் எல்லாம் நாட்டின் இந்த ஒடுங்கிய இடுப்புப் பகுதியின் மேல் திரும்பின. கடலோர நெடுஞ்சாலையில் பாலங்கள் உடைந்து கிடந்ததால், தெற்கே போர்முனைக்குப் போகும் வட வியட்நாம் லாரிகளுக்கு இந்த முச்சந்திதான் வழி. குண்டு விழுந்த பள்ளத்தை நிரப்ப வேண்டும், இரவில் லாரியை அனுப்ப வேண்டும். நிரப்பியவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய பெண்கள். இளைஞர் தொண்டர் படை என்று பெயர். ராணுவக் கட்டுப்பாடுதான், ஆனால் கையில் மண்வெட்டியும் கூடையும். நம்மூரில் ரோடு போடும் பெண்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 24, மாலை நாலரை மணி வாக்கில், அன்றைய பதினைந்தாவது தாக்குதலில், பத்துப் பெண்கள் ஒதுங்கியிருந்த பதுங்குகுழியின் வாயில் ஒரு குண்டு விழுந்தது. மூத்தவளுக்கு 24 வயது. இளையவளுக்கு 17. ஒருத்திக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

குழுத் தலைவி வோ தி தன் அதற்கு ஐந்து நாள் முன்னால் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். ராத்திரியில் நாங்கள் ரோடு போட அவர்களே விளக்கு ஏற்றித் தருகிறார்கள், பகலில் குண்டு போட்டு எங்கள் குழம்புக்கு மீன் அடித்துத் தருகிறார்கள் என்கிற மாதிரி. விளக்கு என்று அவள் சொல்வது விமானங்கள் வீசும் ஒளிக்குண்டுகளை. அம்மா பயப்படக் கூடாது என்று எழுதியது. அந்த அம்மா நம்பியிருப்பாளா என்ன.

மலையடிவாரத்தில் வரிசையாகப் பத்துக் கல்லறைகள். ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. நான் ஒவ்வொரு பெயராக ஓட்டுநரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டே போனேன். ந்யோ என்றால் சின்னது. சாஞ் என்றால் பச்சை. குக் என்றால் சாமந்தி. சின்னப்பொண்ணு, பச்சையம்மா, செவ்வந்தி! அதுவரை வாயில் நுழையாத பெயர்கள், சட்டென்று எங்கள் தெருப் பெண்களின் பெயர்களாகிவிட்டன.

ஓட்டுநர் அவர்களை 'கோ' என்று சொல்லிக் கும்பிட்டார். அப்பாவின் தங்கையை அழைக்கும் சொல். நீ, நீங்கள் என்பதற்குப் பதில் உறவுமுறை வைத்தே கூப்பிடும் பழக்கம் அங்கேயும் உண்டு. ஐம்பது வயது மனுஷர் பதினேழு வயதுப் பெண்ணை அத்தை என்கிறார். அவள் இருந்திருந்தால் அத்தை முறைதானே.

செவ்வந்தி, அதாவது ஹோ தி குக், கடைசியாகக் கிடைத்தவள். மற்ற ஒன்பது பேரையும் முதலில் தோண்டி எடுத்துவிட்டார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடி, மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். மண்ணைப் பிறாண்டியதில் பத்து விரலும் நைந்து போயிருந்தன என்று அங்கே சொல்கிறார்கள். இதை என் கைபேசி ஏதோ சமையல் குறிப்பு போலத் தட்டையான குரலில் வாசித்தது. அதை அணைத்துவிட்டேன்.

கல்லறைகளின் மேல் பூவோடு சீப்புகளும் சின்னக் கண்ணாடிகளும் கிடந்தன. கூடவே காய்ந்த கறுப்புக் காய்கள். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். போ கெத் என்றார். வேகவைத்து அந்தத் தண்ணீரில் தலை அலசுவார்களாம். கைபேசியில் சீயக்காய் படம் காட்டினேன். "போ கெத், போ கெத்" என்று தலையாட்டினார். அது வேறு மரம், காயும் நீளம். ஆனாலும் நான் மறுக்கவில்லை.

மண் அப்பிய தலையோடு புதைந்தோம், அலசிக்கொள்ளக்கூட முடியவில்லை, இங்கே நாலு போ கெத் மரம் வளரட்டும் என்று அந்தப் பெண்களே கேட்பது போல 1995-இல் ஒரு கவிஞர் எழுதினார். மரங்கள் வைத்தார்கள். பக்கத்திலேயே ஏழு நிலை மணிக்கோபுரம் ஒன்றும் எழுப்பியிருக்கிறார்கள். நான் ஏறவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

சீப்பு கொண்டுவர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கைப்பையில் என்னுடையது இருந்தது. மதுரையில் வாங்கிய பிளாஸ்டிக் சீப்பு, இரண்டு பல் போனது. சிக்கியிருந்த முடியை உருவிப் போட்டுவிட்டு, முந்தானையில் துடைத்துச் செவ்வந்தியிடம் வைத்தேன். புதுச் சீப்புகளுக்கு நடுவே அது கொஞ்சம் அசிங்கமாகத்தான் தெரிந்தது.

குண்டு விழுந்த பள்ளத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். புல் மூடியிருக்கிறது.

திரும்ப பைக் ஏறுமுன் தலை கலைந்திருந்தது. பழக்கத்தில் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அப்புறம் விரலாலேயே கோதி, கொண்டை போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.