அயோவா விவசாயியின் பட்டாளச் சாப்பாடு

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றாலே துப்பாக்கிப் பேச்சுதான். ஆனால் அயோவா, இல்லினாய் பக்கம் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்துவிட்டு 1861-ல், தெற்கு மாநிலங்களை எதிர்த்த வடக்குப் படையில் சேர்ந்த விவசாயிக்கு வயிற்றுப்பாடுதான் பெரும்பாடு.

படை நகரும்போது தலைக்கு ஒரு நாள் ரேஷன்: சுமார் 450 கிராம் ஹார்ட்டாக், 340 கிராம் உப்புப் பன்றிக்கறி, 45 கிராம் பச்சைக் காப்பிக்கொட்டை, 70 கிராம் சர்க்கரை. ஹார்ட்டாக் என்பது மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து வறளச் சுட்ட பிஸ்கட். மூன்று அங்குலச் சதுரம், அரை அங்குலக் கனம். பெட்டி நனைந்தால் பூஞ்சை, பழசானால் வண்டு. கொதிக்கும் காப்பியில் உடைத்துப் போட்டால் வண்டு மிதக்கும், வழித்து எறிந்துவிட்டுச் சாப்பிடுவார்கள். நேரம் இருந்தால் தண்ணீரில் ஊறவைத்துப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். காப்பிக்கொட்டையை வாணலியில் வறுத்து, துப்பாக்கிக் கட்டையால் இடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உப்புக்கறியைப் பாம்பன், மண்டபம் வீடுகளுக்கு விளக்கவே வேண்டாம். கருவாடு மாதிரி ஊறவைத்துத் தண்ணீரை மாற்றினால்தான் வாயில் வைக்க முடியும். அவசரத்தில் அப்படியே சுட்டுத் தின்றால் தாகம். தாகத்துக்குக் கண்ட ஓடைத் தண்ணீர்; அதற்கு மேட்டிலேயே முகாமின் கழிப்பிடக் குழி. பிறகு வயிற்றுப்போக்கு நிற்குமா? காப்பிக்காகத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்களே, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய மருந்து.

வடக்குப் படையில் இறந்த சுமார் 3,60,000 பேரில் சண்டையில் போனவர்கள் ஏறக்குறைய 1,10,000 பேர்தான். மிச்சத்தில் பெரும்பகுதி நோய். தனித்தனிப் பண்ணைகளில் வளர்ந்த பையன்கள் சின்ன வயதில் தட்டம்மை கண்டதில்லை. ஆயிரம் பேர் அடைந்த முகாமுக்கு வந்ததும் கொத்தாகப் படுத்தார்கள். நகரத்துப் பையன்கள் அதை முன்பே பார்த்தவர்கள்.

(இதே போரில் தெற்குத் துறைமுகங்களை வடக்குக் கடற்படை அடைத்ததும், இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. நம்ம தெக்கத்திக் கரிசல் பருத்திக்கும் விலை ஏறியது.)

சாதாரணச் சிப்பாய்க்குச் சம்பளம் மாதம் 13 டாலர், 1864-ல் 16. ஊரில் அறுவடையைப் பெண்களும் சிறுவர்களும் குதிரை இழுக்கும் அறுவடை எந்திரத்தை வைத்துச் சமாளித்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் பலருக்கு வயிற்றுக்கோளாறு தீரவே இல்லை. 1862 சட்டப்படி பென்ஷன் வேண்டுமானால், நோய் பட்டாளத்தில் வந்ததுதான் என்று டாக்டர், உடன் இருந்த சிப்பாய்கள் எல்லோரிடமும் எழுதி வாங்க வேண்டும். முழுக்க முடங்கினாலும் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். 1890 சட்டம் வந்த பிறகு 90 நாள் சேவையும் உடலுழைப்புக்கு இயலாத நிலையும் போதும் என்றானது. தொகை 6 முதல் 12 டாலர்.