ஷேர் செய்த ஃபோல்டர் திறக்காதபோது நான் தேடிய வரிசை

குடும்பப் படங்கள் மொத்தமும் வீட்டு டெஸ்க்டாப்பில் கிடக்கின்றன. அவற்றைப் புது லேப்டாப்பிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டிலும் விண்டோஸ் 11. ஃபோல்டரை ஷேர் செய்தாயிற்று. ஆனால் லேப்டாப்பில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் டெஸ்க்டாப்பின் பெயரையே காணோம். ஐபி முகவரியை நேரடியாக அடித்தாலும் 80070035 என்ற பிழை எண்தான் வந்தது. "பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்கப்பா" என்றான் மகன். விடுவேனா!

இதில் செட்டிங்ஸைக் கண்டபடி மாற்ற ஆரம்பித்தால், எது சரி செய்தது என்றே கடைசியில் தெரியாது. அதனால் கீழிருந்து மேலே போனேன்: முதலில் இணைப்பு, பிறகு பாஸ்வேர்டு, கடைசியில் ஃபோல்டர் அனுமதி.

இரண்டு கம்ப்யூட்டரிலும் ஐபி முகவரியைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்துப் பார்த்தேன். டெஸ்க்டாப்புக்கு 192.168.1.10, லேப்டாப்புக்கு 192.168.0.104. மூன்றாவது எண் வேறு. மாடியில் சிக்னலுக்காக வைத்த இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உருவாக்கி லேப்டாப்பை அதற்குள் வைத்திருந்தது. இன்டர்நெட் இரண்டிலும் ஓடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒரு கம்ப்யூட்டர் விடும் அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது. அந்த ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் சிக்னலை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றியதும் லேப்டாப்பும் 192.168.1 வரிசைக்கு வந்துவிட்டது.

அப்படியும் ஃபோல்டர் திறக்கவில்லை. விண்டோஸ் ஃபைல் ஷேரிங் எஸ்எம்பி என்ற முறையில், போர்ட் 445 என்ற எண்ணிட்ட வாசல் வழியாக நடக்கிறது. லேப்டாப்பின் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' கட்டளையால் அந்த போர்ட்டைச் சோதித்தேன், மூடியிருந்தது. டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருந்ததுதான் காரணம்; அந்த வகையில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் இந்த போர்ட்டை மூடிவைக்கும். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடு என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. அது வேண்டாத வேலை. வகையை 'பிரைவேட்' ஆக்கினேன்; போர்ட் திறந்தது.

பெயர் மட்டும் இன்னும் தெரியவில்லை. இதற்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பான எஸ்எம்பி 1-ஐ இயக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாகிரை மால்வேர் பரவியது அந்தப் பழைய எஸ்எம்பியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதும் நின்றுவிட்டது. இப்போது பெயரை அறிவிப்பது 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்ற சர்வீஸ். டெஸ்க்டாப்பில் அது ஓடவில்லை. தானாகத் தொடங்கும்படி வைத்ததும் பெயர் வந்தது. உண்மையில் பெயர் தெரியாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. முகவரியை அடித்தாலே போதும்.

அதிக நேரம் தின்றது பாஸ்வேர்டுதான். டெஸ்க்டாப்பில் தினமும் பின் நம்பர் போட்டு நுழைகிறோம். அந்தப் பின் அந்த ஒரு மெஷினுக்குள் மட்டும்தான் செல்லும்; நெட்வொர்க் வழியாகக் கேட்கும்போது கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு கேட்பதையே நிறுத்திவிடலாம்தான். ஆனால் 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோவும் அப்படிப்பட்ட கெஸ்ட் நுழைவை இயல்பான அமைப்பில் ஏற்பதில்லை. ஆகவே டெஸ்க்டாப்பில் ஷேரிங்குக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு கொடுத்தேன். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் லேப்டாப்பின் கிரெடென்ஷியல் மேனேஜரில் முந்தைய முயற்சியின் விவரம் ஒட்டிக்கொண்டிருந்தது; அதை நீக்கிய பிறகே புதுக் கணக்கு செல்லுபடியானது.

உள்ளே போனால் 'அனுமதி இல்லை'. ஷேர் செய்த ஃபோல்டருக்கு இரண்டு பூட்டுகள். ப்ராபர்ட்டீஸில் 'ஷேரிங்' டேபில் ஒன்று, 'செக்யூரிட்டி' டேபில் ஒன்று. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். முதலாவதில் அனுமதி இருந்தது, இரண்டாவதில் புதுக் கணக்கின் பெயரே இல்லை. படிக்கும் அனுமதி மட்டும் சேர்த்தேன். யாராவது தவறுதலாக டிலீட் செய்துவிட்டால் படங்கள் திரும்பாது.

படங்கள் வரிசையாகத் திறந்தன. முகவரி மாறாமலிருக்க ரவுட்டரில் டெஸ்க்டாப்புக்கு 192.168.1.10-ஐயே ஒதுக்கி வைத்தேன். கடைசியாக டெஸ்க்டாப்பின் ஸ்லீப் நேரத்தையும் 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றினேன். ஸ்லீப்புக்குப் போய்விட்டால் லேப்டாப்பில் வருவது அதே 80070035 மாதிரியான பிழைதான். அதைப் பார்த்துவிட்டு யாராவது மறுபடி ஃபயர்வாலைத் தோண்ட வேண்டாம்.