பழைய பதுங்கல் விளையாட்டுகளும் இன்றைய விரல்களும்: மூன்று வார அனுபவம்

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பதுங்கல் விளையாட்டுகள் (காவலாளிகளின் கண்ணில் படாமல் நழுவிச் செல்லும் வீடியோ கேம்கள்) இன்றைய கைக்கு அடங்குமா என்று பார்க்க மூன்று வாரம் ஒதுக்கினேன். எடுத்துக்கொண்டவை நான்கு: 1998இல் வந்த 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்', அதே ஆண்டின் 'டென்சு', 2001இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 2', 2005இல் வந்த 'ஸ்ப்லின்டர் செல்: கேயாஸ் தியரி'. கதையையும் காட்சியழகையும் ஒதுக்கிவிட்டு, கட்டுப்பாடுகளை மட்டும் கவனிப்பது என்று முடிவு. ஒவ்வொன்றையும் முதல் இரண்டு மணி நேரம், வெளிவந்தபோது இருந்த விசை அமைப்பிலேயே ஆட வேண்டும். மாற்றங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தீஃபில் தொடங்கினேன். அதில் டபிள்யூ விசை ஓட்டம், எஸ் விசை நடை, எக்ஸ் விசை பின்வாங்கல். இன்றைய விளையாட்டுகளில் எஸ் என்றால் பின்னால் நகர்வது. பாஃபோர்டு பிரபுவின் மாளிகையில் ஒரு காவலாளி திடீரென்று திரும்பினான். பின்வாங்க நினைத்து எஸ் விசையை அழுத்தினேன். நேராக அவன் முகத்துக்கு எதிரே போய் நின்றேன். முதல் மாலையில் இது நான்கு முறை நடந்தது. இரண்டாம் நாள் பொறுக்காமல் விசைகளை இன்றைய வழக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

மாற்றிய பிறகுதான் எதை இழந்தேன் என்பது புரிந்தது. இந்த விளையாட்டில் தரைதான் எதிரி. கம்பளத்தில் காலடி கேட்காது. கல் பதித்த தரையிலும் உலோகத் தகட்டிலும் ஒவ்வொரு அடியும் அடுத்த அறைவரை போகும். கம்பளம் முடிந்து வெறுந்தரை தொடங்கும் விளிம்பில் ஓட்டத்திலிருந்து நடைக்கு உடனே இறங்க வேண்டும். பழைய அமைப்பில் நடுவிரல் ஒரு விசை கீழே இறங்கினால் போதும். புதிய அமைப்பில் நடப்பதற்கு இன்னொரு விசையைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் விரல் வலித்தது. மூன்றாம் நாள் பழைய அமைப்புக்கே திரும்பினேன். ஐந்தாம் நாள் அதே காவலாளிக்குப் பின்னால், எஸ் விசையைத் தட்டித் தட்டி, அவன் அடி வைக்கும்போது நானும் ஓர் அடி வைத்து, அறை முழுவதையும் கடந்தேன். நான் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறேன் என்று திரையின் அடியில் காட்டும் ஒளிக்கல் கடைசிவரை மங்கலாகவே இருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக இந்த மூன்று வாரத்தையும் கொடுக்கலாம்.

அம்பு எய்வதும் இன்றுவரை கெடவில்லை. குறிப்புள்ளி கிடையாது, நாணை இழுத்துக் கண்ணளவில் எய்ய வேண்டும். வெகுநேரம் இழுத்துப் பிடித்தால் கை சோர்ந்துவிடும். தீப்பந்தத்தை நீர் அம்பால் அணைக்கும்போது அந்தத் தயக்கம் கைக்கே வந்துவிடுகிறது. ஏணிதான் மோசம். ஏறிய பிறகு இறங்குவதும், உச்சியில் விளிம்பைப் பிடிப்பதும் அப்போதும் சரியாக இருந்திருக்க முடியாது.

டென்சுவைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. இடது வலது அழுத்தினால் நிஞ்சா நின்ற இடத்திலேயே திரும்புவான், மேலே அழுத்தினால் அவன் பார்க்கும் திசையில் போவான். கூரைமேல் இது சகிக்கத்தக்கது. சண்டை என்று வந்தால் எதிரி பக்கவாட்டில் நகர்ந்த கணமே தொலைந்தோம். நான்கு நாள் முயன்று நிறுத்திவிட்டேன். கொக்கிக்கயிற்றை எறிந்து கூரைக்கு ஏறும் மகிழ்ச்சி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

கேயாஸ் தியரியைக் கணினியில் ஆடினேன். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் நடை வேகம் படிப்படியாக ஏறும், இறங்கும். 2002இல் வந்த முதல் ஸ்ப்லின்டர் செல்லிலேயே இந்த ஏற்பாடு உண்டு. கன்ட்ரோலரில் ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம். கட்டைவிரல் அந்த அளவிலேயே நிற்க வேண்டும், பதற்றத்தில் நிற்காது. சக்கரத்தில் வேகத்தை ஒருமுறை வைத்துவிட்டால் அது மாறாது. கை பதறினாலும் கால் பதறாது. சுற்றுப்புறச் சத்தம் எவ்வளவு, என் சத்தம் எவ்வளவு என்று ஒரு மானி காட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் கட்டத்தில் மழையும் இடியும் இருப்பதால் இரண்டு படி வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். உள்ளே நுழைந்ததும் சக்கரத்தைத் திருப்பிக் குறைக்க வேண்டும். நான்கில் இதைத்தான் எந்த மாற்றமும் இல்லாமல் இன்று யாரிடமும் கொடுப்பேன். இவ்வளவு நல்ல யோசனை பரவலாகாமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடைசி வாரம் முழுவதும் மெட்டல் கியர் சாலிட் 2. வலது ஸ்டிக்கைத் தள்ளினால் கேமரா திரும்பும் என்ற பழக்கத்தை முதலில் மறக்க வேண்டும். கேமரா மேலிருந்து தன் விருப்பப்படி பார்க்கும். ஆர்1 பொத்தானைப் பிடித்தால் நாயகனின் கண்வழிப் பார்வை வரும், ஆனால் அப்போது நடக்க முடியாது. இவை இரண்டு நாளில் பழகிவிட்டன. பழகாதது துப்பாக்கி. சதுரப் பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி உயரும், விட்டால் சுடும். சுடாமல் இறக்க வேண்டுமென்றால் பொத்தானை மெல்ல மெல்ல விட வேண்டும். பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரின் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணர்பவை என்பதால் வைத்த ஏற்பாடு அது.

என் பழைய கன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக் கெட்டுப்போனதால் மாற்றாக ஒன்று வாங்கியிருந்தேன். அதில் அழுத்த உணர்வு இல்லை என்று பெட்டியில் ஒரு வரிகூடப் போடவில்லை. கப்பலில் காவலாளியின் முதுகுக்குப் பின்னால் போய்த் துப்பாக்கியை நீட்டினேன், கைகளைத் தூக்கினான். முன்பக்கம் சுற்றி வந்து குறிவைத்து மிரட்டினால் கழுத்தில் தொங்கும் பெயர்த் தகட்டைத் தருவான். ஆனால் சுற்றி வருவதற்காகப் பொத்தானை எவ்வளவு மெதுவாக விட்டாலும் மயக்க ஊசி பாய்ந்துவிட்டது. அவன் சரிந்தான், தகடு போயிற்று. ஒரு மாலை முழுவதும் என் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டின் மீதும் தவறில்லை, விரலின் மீதும் இல்லை. பிந்தைய கன்ட்ரோலர்கள் அந்தப் பொத்தான்களையே கைவிட்டுவிட்டன. கருவி போனதும் அதை நம்பி எழுதிய கட்டுப்பாடும் ஊமையாகிவிட்டது.

பழைய கன்ட்ரோலரைத் திறந்து, ஸ்டிக்கின் அடியில் சேர்ந்திருந்த தூசியைத் துடைத்து, மூடினேன். ஸ்டிக் முழுதாகச் சரியாகவில்லை, இடப்பக்கம் சற்று இழுக்கிறது, ஆடுவதற்குப் போதும். பிறகு பொத்தானை விடும் பயிற்சி. காவலாளி உறைந்து நிற்கும் வரை எல்லாம் எளிது, அதன் பிறகு விரல் தன்னிச்சையாகத் துள்ளிவிடுகிறது. இருபது முறையாவது சுட்டிருப்பேன். நேற்று இரவு பொத்தான் மேலே வருவதை விரல்நுனியில் உணர்ந்துகொண்டே விட்டேன். துப்பாக்கி தாழ்ந்தது, சத்தம் வரவில்லை. சுற்றி வந்து மறுபடி நீட்டினேன், தகடு கீழே விழுந்தது. அடுத்த காவலாளி மேல்தளத்தில் நிற்கிறான். இன்று இரவு அவன்.